சத்தியம் செய்யாத டவாலி

போன மாதம் ஒரு மதியம் செல்வி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற நீதிமன்றத்தில் இப்போது அலுவலக உதவியாளராக இருக்கிற பெண். நான் பார்த்த வேலையைத்தான் பார்க்கிறாள். எங்கள் காலத்தில் அந்த வேலைக்கு டவாலி என்று பெயர். ரகசியம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“ஐயா, இங்கன ஒரு சாட்சி கடவுள் பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ண மாட்டேங்காரு. கறுப்புச் சட்டைக்காரராக்கும்னு நினைச்சா, சட்டைப் பையில சின்ன வேதப் புத்தகம் வச்சிருக்காரு. இவரை என்னன்னு சொல்ல வைக்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொன்னேன். “ஜட்ஜ் ஐயா வந்துட்டாங்க” என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, “உங்களுக்கு எப்படி ஐயா யோசிக்காமலே தெரிஞ்சிச்சு?” என்றாள். அது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது திசையன்விளைப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு, காத்திருப்பு, கடைசியில் திருநெல்வேலியில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வேலை. இவற்றில் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் நடந்ததுதான். வெள்ளைச் சட்டை, தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை, அதன் நடுவில் பித்தளை வில்லை. வராந்தாவில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். சாட்சி வந்து கூண்டில் ஏறியதும் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுக்க வேண்டும். இவைதான் முக்கியமான வேலை.

பேட்டையில் வீடு. அங்கே ஓட்டுக் கட்டடத்தில் ஒரு சிறிய சபை கூடும். லேத் பட்டறை வைத்திருந்த ஜெபமணி அண்ணாச்சி அதை நடத்துகிற மூப்பர். நான் பெரியவனான பிறகு அவர்தான் எனக்குத் தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தச் சபையில் சில விஷயங்களில் பிடிவாதம் அதிகம். அதில் ஒன்று, சத்தியம் செய்யக்கூடாது என்பது. வானத்தின் பேரிலும் வேண்டாம், பூமியின் பேரிலும் வேண்டாம், கடவுளின் பேரில் வேண்டவே வேண்டாம். உள்ளதை உள்ளது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொன்னால் போதும். ஜெபமணி அண்ணாச்சி இதை விளக்குவதைக் கேட்க வேண்டும். “சத்தியம் பண்ணி ஒரு வார்த்தையை நம்ப வைக்கணும்னா, சத்தியம் பண்ணாம சொன்ன மத்த வார்த்தையெல்லாம் என்ன கணக்கு?” என்பார்.

இதைக் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவேன். திங்கட்கிழமை காலையில் ஊரில் உள்ள சாட்சிகளுக்கெல்லாம் சத்தியம் சொல்லிக் கொடுப்பேன். அது எனக்கு உறுத்தியது. சேர்ந்த புதிதில் தலைமை எழுத்தர் கோமதிநாயகம் சாரிடம் போய்ச் சொன்னேன்.

கோமதிநாயகம் சாரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். நெற்றி நிறைய விபூதி, காலையில் கோயிலுக்குப் போகாமல் ஆபீசுக்கு வரமாட்டார். பேசும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. கோபமா கேலியா என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார்.

“வே, பந்தியில பரிமாறுதவன் எல்லா இலையிலயும் உக்காந்து சாப்பிடுதானா? நீரு பரிமாறும். தின்னுதவன் வயிறு அவன் பாடு.”

அவ்வளவுதான். எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

நான் என் நம்பிக்கையைக் கொட்டு அடித்துச் சொன்னவன் இல்லை. ஒளித்தவனும் இல்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்ததும் தலை குனிந்து ஜெபிப்பேன். “ஊர்ல எல்லாரும் சாப்பிட்ட பிறகு தூங்குவான், இந்த வேதக்காரர் அதுக்கு முன்னாலயே தூங்குதாரு” என்று கோமதிநாயகம் சார் சொல்வார். எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களுக்கு வேதக்காரர் என்றுதான் பெயர். வெள்ளிக்கிழமை தோறும் ஆபீசில் படத்துக்குப் பூஜை போட்டுச் சுண்டல் கொடுப்பார்கள். சாமிக்குப் படைத்தது என்பதால் நான் வாங்குவதில்லை. வேண்டாம் என்று சொல்லும்போது மற்றவர்கள் முகம் சுண்டிப்போகும். கோமதிநாயகம் சார் இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாவது வாரம் பூஜைக்கு முன்பே ஒரு கிண்ணத்தில் சுண்டலை எடுத்துத் தன் மேஜைக்குள் வைத்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு நீட்டினார்.

“இது சாமிக்குக் காட்டாதது. தின்னும்வே. உப்பு சரியா இருக்கான்னு மட்டும் சொல்லும்.”

அதன் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அந்தக் கிண்ணம் வந்தது. மதங்களுக்கு இடையே நல்லுறவு என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சுண்டல்தான் நினைவுக்கு வரும்.

சத்தியம் சொல்லிக் கொடுப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். சாட்சி கூண்டில் ஏறியவுடன் ஆரம்பிக்கக் கூடாது. மூச்சு அடங்கட்டும். நம் ஊர்க்காரர்கள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள். அது படியில் கிடந்தால் ஓரமாக வைக்க வேண்டும், இறங்கும்போது தடுக்கும். வாசகத்தை மூன்று துண்டாக உடைக்க வேண்டும். ‘கடவுள் அறிய’ என்று சொல்லி நிறுத்த வேண்டும். அவர் திரும்பச் சொன்ன பிறகுதான் ‘நான் சொல்வதெல்லாம் உண்மை’. அதையும் அவர் முடித்த பிறகு ‘உண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை’. சொல்லும்போது அவர் வாயைப் பார்க்கக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும். இப்போது சில இடங்களில் பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுபோல ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கோமதிநாயகம் சார் இருந்தால் சும்மா விடமாட்டார்.

கடவுள் பெயரைச் சொல்ல விருப்பம் இல்லாதவர்களுக்குச் சட்டத்திலேயே வேறு வாசகம் உண்டு. ‘நான் சொல்வதெல்லாம் உண்மை என்று மனமார உறுதி கூறுகிறேன்’ என்றால் போதும். கறுப்புச் சட்டைக்காரர் யாராவது வந்தால்தான் அதை எடுப்போம். ஒரு அட்டையில் ஒட்டி மேஜைக்குள் வைத்திருந்தேன். பெரும்பாலும் தூசி தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சத்தியத்தின் பலம் எவ்வளவு என்பதை ஓர் ஆடு திருட்டு வழக்கில் பார்த்தேன். சாட்சி தண்ணீர் பட்ட பாடாகச் சத்தியம் செய்துவிட்டு, எதிரி ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டேன் என்றான். எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். கோர்ட்டில் அப்படித்தான் சொல்வோம். அந்த எதிரி தன் இடத்தில் நின்றுகொண்டே கத்தினான்: “ஏலே, இதையே நம்ம மாடன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சுச் சொல்லுலே பாப்போம்!” சாட்சிக்கு வேர்த்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டான். அதற்குப் பிறகு ஆட்டின் நிறமே அவனுக்குச் சரியாக வரவில்லை.

“இங்கன சொன்னா அப்பீல் உண்டு” என்றார் கோமதிநாயகம் சார். “மாடன்கிட்ட அப்பீல் கெடையாதுல்லா.”

எதிரிக்கு மட்டும் சத்தியம் கிடையாது. தனக்கு எதிராகத் தானே சத்தியம் செய்து பேசும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது சட்டம். சாட்சிகள் எல்லாரும் முடிந்த பிறகு மாஜிஸ்திரேட் எதிரியைக் கூப்பிட்டு, ‘இன்னார் உமக்கு எதிராக இப்படிச் சொல்லியிருக்கிறார், நீர் என்ன சொல்கிறீர்?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எதிரி ஒவ்வொன்றுக்கும் ‘பொய்’ என்பார். வக்கீல்கள் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். போலீஸ்காரர் பெயர் என்ன என்று கேட்டால்கூடப் ‘பொய்’ என்று சொன்னவர்கள் உண்டு.

அதனால் கோமதிநாயகம் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கேள்விகளை முந்தின நாளே டைப் அடித்துத் தயாராக வைப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதிலையும் சேர்த்து அடித்துவிடுவார். பொய். பொய். பொய். மறுநாள் கையெழுத்து வாங்குவது மட்டும்தான் பாக்கி. எல்லாவற்றிலும் முறை பார்க்கிற மனிதர் இதில் மட்டும் இப்படி இருந்தார்.

“யாராவது உண்மைன்னு சொல்லிட்டா என்ன சார் பண்ணுவீய?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சொல்லுத அன்னைக்குப் பாத்துக்கிடலாம்வே. சர்வீஸ்ல சேந்து எனக்குப் பாதித் தலை வழுக்கை ஆயிட்டு. இன்னும் அந்த ஆளு வரல.”

தொண்ணூறுகளில் நடந்தது இனிச் சொல்லப்போவது. அப்போது கோமதிநாயகம் சார் பக்கத்துக் கோர்ட்டுக்கு மாற்றலாகியிருந்தார். மாற்றல் என்றால் பெரிய தூரம் இல்லை, நடுவில் ஒரு சுவர்தான். சுண்டல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலை சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டேன். ஜெபமணி அண்ணாச்சியின் பட்டறைச் சந்து மெயின் ரோட்டில் சேரும் இடத்துக்கு வந்தபோது, அவருடைய வேன் சந்துக்குள்ளிருந்து பின்னோக்கி வேகமாக வந்தது. பின்னால் பார்த்துச் சொல்ல ஆள் நிறுத்தவில்லை. ரோட்டோரமாக ஒரு அம்மா பீடிக் கட்டுகள் அடுக்கிய முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். வேனின் பின்மூலை அவர் மேல் மோதியது. பீடிகள் ரோடெல்லாம் சிதறின. அண்ணாச்சி குதித்து ஓடி வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கி வேனில் ஏற்றினோம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் விசாரித்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குத் தகவல் சொல்லப் போனேன். பாத்துமுத்து என்று பெயர். விதவை. பீடி சுற்றி ஒரே மகனை வளர்த்தவர்.

இடுப்பும் தொடையும் முறிந்திருந்தன. பிழைத்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. உட்கார்ந்து மடியில் முறத்தை வைக்க முடியாவிட்டால் பீடி சுற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். அங்கே ஒரு சகோதரர் எழுந்து ஸ்தோத்திரம் செலுத்தினார்: ரோட்டோரம் யாரும் கவனிக்காமல் விழுந்து கிடந்த ஒரு ஏழை அம்மாவைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்க்க நம் மூப்பருக்கு ஆண்டவர் கிருபை கொடுத்தாரே, அதற்காக நன்றி. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து தனியாகக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது வாயில் அப்படி வந்துவிட்டது என்றார். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார், அந்தப் பயம். “விழுந்து கெடந்தாங்க, தூக்கிட்டு வந்தேன்னு சொல்லிட்டேன். செலவெல்லாம் நான்தான பாக்கேன். பொறுமையா இருலே, பைய சரி பண்ணிக்கிடுவோம்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதன் மேல் இறங்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் பாத்துமுத்து அம்மாவுக்கு நினைவு தெளிந்ததும், பின்னாலிருந்து ஏதோ மோதியது என்று சொல்லிவிட்டார். மோதியது எது என்று அவர் பார்க்கவில்லை. வேன் மோதியது என்று நிரூபித்தால்தான் அவருக்கு இழப்பீடு கேட்க வழி உண்டு. மகன் போலீசுக்குப் போனான். வீட்டுக்கு முதலில் தகவல் சொன்னது யார் என்று விசாரித்துக்கொண்டு போலீஸ்காரர் என்னிடம் வந்தார். என்ன பார்த்தீர் என்றார். பார்த்ததைச் சொன்னேன்.

சபையில் என்னைப் பின் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எங்கள் சபையில் அது தண்டனை. இயேசுவின் நினைவாகப் பகிர்கிற அப்பமும் ரசப் பாத்திரமும் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களிடம்தான் கைமாறி வரும். பின் பெஞ்சுக்கு வராது. “சகோதரனை உலகத்தார் கோர்ட்டுல நிறுத்தலாமா பிரதர்?” என்று கேட்டார்கள். உலகத்தார் கோர்ட்டில்தான் நான் மாதாமாதம் சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மாதக்கணக்கில் பின் பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் அப்பம் கைமாறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்த நாட்கள் உண்டு. வேறு சபைக்குப் போ என்று சொன்னவர்களும் உண்டு. போகத் தோன்றவில்லை.

அண்ணாச்சி மேல் போலீஸ் போட்ட வழக்கு பக்கத்துக் கோர்ட்டில் எடுக்கப்பட்டது. நான் வேலை பார்க்கும் கோர்ட்டில் நானே சாட்சி சொல்ல முடியாது அல்லவா? வாய்தாவுக்கு முந்தின நாள் மாலை ஜெபமணி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

“ஞானமுத்து, ஒரு வழி இருக்கு. கூண்டுல ஏறுனதும், நான் சத்தியம் பண்ண மாட்டேன்னு சொல்லிரு. அது நம்ம உபதேசம்தான. சத்தியம் இல்லாட்டா சாட்சி இல்ல. ஒனக்கும் பாவம் இல்ல, எனக்கும் கேடு இல்ல.”

“அண்ணாச்சி, சத்தியம் பண்ணாமலும் சாட்சி சொல்ல வழி இருக்கு. அந்த அட்டையை ஒட்டி வச்சிருக்கவனே நான்தான்.”

“அப்படி ஒண்ணு இருக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே அண்ணாச்சி.”

அவர் போய்விட்டார். எனக்கு அவர் மேல் அதுவரை வராத கோபம் அன்றைக்கு வந்தது. பயத்தில் சொன்ன பொய்யை மன்னிக்கலாம். உண்மையை மட்டும் பேசு என்பதற்காகச் சொல்லப்பட்ட கட்டளையை, உண்மையைச் சொல்லாமல் தப்பிக்கிற சந்தாக ஆக்கப் பார்த்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் கோர்ட் வராந்தாவில் பாத்துமுத்து அம்மா கம்பு ஊன்றி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “அண்ணே, எனக்கு முதுகுல கண்ணு இல்ல. அன்னைக்கு எனக்குக் கண்ணு நீங்கதான்” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். எத்தனையோ பேரை நான் கூப்பிட்டிருக்கிறேன், அந்தச் சத்தம் உள்ளே போய் என்ன செய்யும் என்று அன்றுதான் தெரிந்தது. பட்டையைக் கழற்றிவிட்டு வெறும் வெள்ளைச் சட்டையோடு ஏறினேன். ஏறும் முன் என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். அந்தக் கோர்ட்டின் டவாலி ‘கடவுள் அறிய’ என்றான். நான் பேசாமல் இருந்தேன். இன்னொரு முறை சொன்னான்.

“ஐயா, நான் சத்தியம் செய்வதில்லை. உறுதி கூறுகிறேன்” என்றேன்.

மாஜிஸ்திரேட் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் நாத்திகரா?”

பின்னால் சிரித்தார்கள். அங்கே இருந்த பாதிப் பேருக்கு நான் யார் என்று தெரியும்.

“இல்லை ஐயா. கிறிஸ்தவன்.”

“கிறிஸ்தவர்கள் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வார்களே?”

“செய்கிறவர்கள் உண்டு ஐயா. செய்யாதே என்று அதே புத்தகத்துக்குள் இருக்கிறது. நான் அதை நம்புகிறவன்.”

அவர் கோமதிநாயகம் சாரைப் பார்த்தார். சார் மேஜைக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். என்னுடையதைப் போலவே ஒட்டியது. தூசி தட்டியிருந்தது. காலையிலேயே தட்டியிருக்க வேண்டும்.

அரசு வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் பார்த்ததைச் சொன்னேன். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். தினமும் காலையில் ‘ஞானமுத்து, நம்ம கேஸ் எப்ப வருது?’ என்று என் தோளில் கை போடுகிறவர். அன்று என்னை முன்பின் பார்த்ததே இல்லாதவர்போல நின்றார்.

“தினமும் ஊரையே கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வைக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் அது ஆகாதா?”

“நான் பரிமாறுகிறவன் ஐயா.”

கோமதிநாயகம் சார் இருமினார். இருமல் கொஞ்சம் நீண்டது.

“கடவுள் பெயரைச் சொல்லிப் பொய் சொல்லப் பயம். அதனால்தானே சத்தியத்தைத் தவிர்க்கிறீர்கள்?”

“பொய் சொல்வதாக இருந்தால் சத்தியம் செய்துவிட்டே சொல்லியிருப்பேன் ஐயா. அதுதான் இங்கே சுலபம்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோர்ட்டில் வேலை பார்க்கிறவன் கோர்ட்டில் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. மாஜிஸ்திரேட் நல்ல வேளையாக எழுதிக்கொண்டிருந்தார். வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்த வக்கீல் பதில் தெரியாத கேள்வியைக் கேட்பார்.

“சத்தியம் செய்யக்கூடாது என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

நான் எதிரி நிற்கும் இடத்தைக் காட்டினேன். “அவர்தான் ஐயா. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவர்தான். அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை.”

ஜெபமணி அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

சில வாரம் கழித்து, போலீஸ் அதிகாரியின் சாட்சியமும் முடிந்து, எதிரியிடம் கேள்வி கேட்கும் நாள் வந்தது. எங்கள் கோர்ட்டில் அப்போது வேலை இல்லை. நான் போய்ப் பக்கத்துக் கோர்ட் வாசலில் நின்றேன். வக்கீல் அண்ணாச்சியின் காதில் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. என்ன பேசுவார் என்று கேட்காமலே எனக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தை. கோமதிநாயகம் சார் டைப் அடித்த தாளை மாஜிஸ்திரேட் முன்னால் வைத்துவிட்டு, அதன் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மாஜிஸ்திரேட் வாசித்தார். “பாத்துமுத்து என்பவர், தான் ரோட்டோரம் நடந்து போகும்போது பின்னாலிருந்து வண்டி மோதியது என்று சொல்கிறார். நீர் என்ன சொல்கிறீர்?”

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் மாஜிஸ்திரேட் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவருக்கு முன்னால் பதில் தயாராக இருந்ததே.

“ஐயா, நான் இன்னும் பதில் சொல்லல” என்றார் அண்ணாச்சி.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார்.

“அந்த அம்மா சொல்லுதது உண்மைங்கய்யா.”

வக்கீல் பாதி எழுந்தார். “ஐயா, எதிரி கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்...”

“புரிஞ்சுதான் சொல்லுதேன்” என்றார் அண்ணாச்சி, அவர் பக்கம் திரும்பாமலே. “என் வண்டிதான் மோதிச்சு. நான்தான் ஓட்டுனேன். ஞானமுத்து சொன்னதும் உண்மை. பின்னால ஆள் நிறுத்தாம எடுத்தது என் தப்பு. ஆஸ்பத்திரியில நான் சொன்னதுதான் ஐயா பொய்.”

மாஜிஸ்திரேட் தாளைப் பார்த்தார், பிறகு கோமதிநாயகம் சாரைப் பார்த்தார். இனி இந்தத் தாளை என்ன செய்வது என்று கேட்கிற பார்வை. சார் எழுந்து போய்த் தன் நகலைக் கொடுத்துவிட்டு அந்தத் தாளை வாங்கி வந்தார். பேனாவைத் திறந்தார். முதல் ‘பொய்’யின் மேல் கோடு போட்டு, மேலே ‘உண்மை’ என்று எழுதி, திருத்தியதற்கு ஓரத்தில் குறி போட்டார். அடுத்ததை மாஜிஸ்திரேட் கேட்டார். மறுபடி கோடு. தாள் முழுவதும் அப்படியே போனது. சாருடைய காது சிவந்திருந்தது. அவர் முகத்தில் ஏதாவது தெரிந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு ஆனது. உண்மையை ஒப்புக்கொண்டதால் அவ்வளவோடு போயிற்று. பாத்துமுத்து அம்மாவின் இழப்பீட்டு வழக்கில் அதற்குப் பிறகு யாரும் பேச ஒன்றும் இருக்கவில்லை. அவருக்குப் பணம் கிடைத்தது. மகனுக்கு ஒரு பெட்டிக்கடை வைத்துக் கொடுத்தார்.

தீர்ப்பு ஆன அன்று மாலை வரை அண்ணாச்சி கோர்ட் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் டீ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, “சீனி கூடிப்போச்சுலே” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன் வரிசைக்குப் போகவில்லை. பின் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பம் முன்னால் கைமாறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அன்றைக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சுண்டல் வாங்கப் போனபோது கோமதிநாயகம் சார் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்: “உம்ம ஆளு என் தாளு பூராவையும் கெடுத்துட்டாருவே.”

“இனி என்ன சார் பண்ணப் போறீய?”

அடுத்த வழக்குக்கு டைப் அடித்து வைத்திருந்த தாள் மேஜை மேல் கிடந்தது. பார்த்தேன். கேள்விகள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு வரி அளவுக்கு வெறுமனே இடம் விட்டிருந்தார்.

ஓய்வு பெறும்வரை அப்படியே செய்தார். அதற்குப் பிறகும் எதிரிகள் எல்லாரும் ‘பொய்’ என்றுதான் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு முறையும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஆள் வாயைத் திறக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருந்து, கேட்ட பிறகே கையால் எழுதினார்.